மீட்டவன் உடைமையாளன் ஆகான்

(காயமுற்ற, தாயிழந்த காட்டு விலங்குகளைப் பேணுதலை ஒழுங்குபடுத்தும் சட்டம் பற்றித் தெல்லிப்பழைப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நிலம், மொழி, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய மேடையிலே காயம்பட்ட ஆந்தையையும் தாயிழந்த யானைக் கன்றையும் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதற்கு நாம் கூறும் மறுமொழி இதுதான்: ஒரு சட்டம் எவரால் ஆக்கப்படுகின்றது, எந்த மொழியில் மக்களிடம் வந்து சேருகின்றது, அதன் செலவு எவர் தோளில் ஏற்றப்படுகின்றது என்னும் கேள்விகள் எழுமிடமெல்லாம் அரசியல் இருக்கின்றது. காட்டு விலங்கைக் காக்கும் சட்டத்திலும் இம்மூன்று கேள்விகளும் எழுகின்றன. அவற்றை எழுப்பாமல் விட்டால், விடையை எமக்காக வேறொருவர் எழுதிவிடுவார்.

வலிகாமத்தில் நாள்தோறும் நடப்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். வெங்காயப் பாத்தியையும் பழமரத்தையும் காக்கக் கட்டிய நைலோன் வலையில் பறவையும் பாம்பும் சிக்குகின்றன. தைப்பொங்கற் காலத்துப் பட்டநூல் கொக்கின் சிறகை அறுக்கின்றது. கட்டில்லாக் கிணற்றுள் உடும்பும் கீரியும் விழுகின்றன. பட்ட பனையை வெட்டி வீழ்த்தினால் அதன் பொந்திலிருந்து ஆந்தைக் குஞ்சுகள் வெளிப்படுகின்றன. கரையோரத்து மீன்வலைகளில் கடலாமை அகப்படுகின்றது. இவற்றைக் காண்பவர் இரு வகையினர். ஒருவர் இரங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றார். மற்றவர் சட்டத்துக்கு அஞ்சித் திரும்பிப் பாராமற் போகின்றார். முதலாமவர் செய்வது சரியா, இரண்டாமவர் அஞ்சுவது தேவைதானா என்பதை இருவருக்கும் தமிழிலே தெளிவாக எடுத்துச் சொல்லும் ஒழுங்கு எமது ஊர்களில் இல்லை. இன்று நாம் பேச வந்த பொருள் அதுவே.

சட்டம் யாது கூறுகின்றது?

இலங்கையில் இத்துறையின் முதன்மைச் சட்டம், 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாகும். பிரித்தானியர் ஆண்ட காலத்திற் பிறந்த இச்சட்டம், 1993இலும் 2009இலும் பெருமளவு திருத்தப்பட்டது. காட்டு விலங்கைக் கொல்லுதல், பிடித்தல், வைத்திருத்தல், விற்றல் ஆகியவற்றைத் தடுப்பதே அதன் பெருநோக்கு. வேட்டைக்காரனும் வியாபாரியுமே அச்சட்டத்தின் கண்முன் நிற்பவர்கள். காயம்பட்ட உயிரை மடியிற் கட்டிக்கொண்டு வரும் கமக்காரன் அதன் கண்முன் நிற்கவில்லை.

மற்றொன்று, 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம். நூறு ரூபா தண்டம் பெருந்தொகையாக இருந்த காலத்தில் அச்சட்டம் அத்தொகையை எல்லையாக விதித்தது. அதற்குப் பதிலாகப் புதிய விலங்கு நலச் சட்டமூலமொன்றைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்து கொடுத்தது. அச்சட்டமூலம் அமைச்சரவைக்கும் அலுவலகங்களுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அலைந்து திரிந்த வரலாறு, இந்நாட்டில் வாய்பேசா உயிர்களுக்காகச் சட்டம் செய்வோரின் வேகத்தைக் காட்டும்.

‘வைத்திருத்தல்’ என்னும் சொல்லைச் சட்டம் பயின்றோர் நன்கு அறிவர். திருடும் நோக்குடன் வைத்திருப்பவனும், காக்கும் நோக்குடன் வைத்திருப்பவனும் வெளித்தோற்றத்தில் ஒரே செயலைத்தான் செய்கின்றனர். மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தில் நாளை ஒரு குடியானவன் நிறுத்தப்பட்டு, அவன் வளவில் காட்டு விலங்கொன்று இருந்ததா என்று கேட்கப்பட்டால், இருந்தது என்பதே உண்மையான விடை. ஏன் இருந்தது, எத்தனை நாள் இருந்தது, எவருக்கு அறிவித்தான் என்பனவற்றைச் சட்டமே வரையறுத்து வைத்திருந்தால் அவனுக்கும் அச்சமில்லை, கள்ளனுக்கும் ஒளிவிடமில்லை.

இரக்கம் என்னும் பெயரில் வியாபாரம்

வரையறை இல்லாத இடத்தில் இரக்கம் எவ்வாறு வியாபாரமாக மாறும் என்பதற்கு இந்நாட்டு யானைக் கன்றுகளின் வழக்கைக் காட்டிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

இச்சட்டத்தின்படி வளர்ப்பு யானை ஒவ்வொன்றும் பதிவு செய்யப்படல் வேண்டும். பதிவில்லாத யானை அரசின் உடைமை. இருந்தும், காட்டிலிருந்து தாயைப் பிரித்துக் கவரப்பட்ட கன்றுகள் பொய்யான பத்திரங்களின் துணைகொண்டு வளர்ப்பு யானைகளாகப் பதிவு செய்யப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2015ஆம் ஆண்டின் பின் விசாரணைகள் நடந்தன, கன்றுகள் கைப்பற்றப்பட்டு அரசின் காவலில் வைக்கப்பட்டன, வழக்குகள் தொடரப்பட்டன. ஆனால் 2021 ஆகஸ்டு மாதத்தில் வளர்ப்பு யானைகளின் பதிவையும் நலனையும் பற்றிய புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. அடுத்த மாதமே, வழக்குப் பொருளாகக் காவலில் இருந்த யானைகள் பலவற்றை, முன்னர் வைத்திருந்தவர்களிடம் ஒப்படைக்குமாறு கொழும்பு நீதவான் நீதிமன்றம் கட்டளையிட்டது. சூழல் ஆர்வலர்கள் மேல்நீதிமன்றங்களை நாட வேண்டியதாயிற்று.

இவ்வழக்கிலிருந்து நாம் கற்கும் பாடம் யாது? காட்டில் அநாதையாகக் கண்டெடுத்தேன் என்னும் ஒரு வாக்கியம் கவர்ந்தவனுக்கும் காத்தவனுக்கும் ஒருங்கே பயன்படுமாயின், அது கவர்ந்தவனுக்கே கூடுதலாகப் பயன்படும். அவனிடம் பணமும் செல்வாக்கும் உள. ஆகவே, எந்நிலையிலும் எவர் மீட்டாலும் மீட்டவன் உடைமையாளன் ஆகான் என்பது சட்டத்தின் முதல் வாக்கியமாக அமைதல் வேண்டும். எவ்வளவு பால் ஊற்றினாலும், எத்தனை ஆண்டு வளர்த்தாலும், மீட்டவனுக்கு அவ்விலங்கின் மீது உடைமை பிறத்தலாகாது.

யானை எமக்குத் தொலைவான பொருள் என்று எண்ணற்க. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலங்களில் வன்னியிற் பிடித்த யானைகள் குடாநாட்டுக்குள் ஓட்டிவரப்பட்டு, இங்கிருந்து கப்பலேற்றி விற்கப்பட்டன. யானையிறவு என்னும் பெயர் அவ்வழியை இன்றும் நினைவூட்டுகின்றது. விலங்கை உடைமையாகக் கண்ட ஆட்சியின் சுவடு எமது நிலத்திலேயே கிடக்கின்றது.

பின்னவலையும் உடவளவையும்

அரசு தானே நடத்திய இரு நிலையங்களை ஒப்பிட்டால் ஒழுங்கின் அருமை விளங்கும்.

பின்னவலை யானைகள் அநாதை இல்லம் 1975இல் தாயிழந்த சில கன்றுகளுடன் தொடங்கியது. 1978இல் அது விலங்கினக்காட்சிச்சாலைத் திணைக்களத்தின் கீழ் வந்தது. 1982இல் அங்கேயே இனப்பெருக்கத் திட்டம் ஆரம்பமாயிற்று. காலப்போக்கில் அது உலகப் பயணிகள் கட்டணம் செலுத்தி வந்து பார்க்கும் பெருங்காட்சியிடம் ஆயிற்று. அங்கு கன்றுகள் உயிர் பிழைத்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அங்கு வந்த கன்று காட்டுக்குத் திரும்புவது நோக்கமாக இருக்கவில்லை. அநாதை இல்லத்திற் பிறந்த குட்டிக்கு அநாதை என்று பெயரிடுவது எங்ஙனம்? 2016இல் நியூசிலாந்துப் பிரதமர் இங்கு வந்தபோது பின்னவலையைச் சேர்ந்த ‘நந்தி’ என்னும் யானை பரிசாக அறிவிக்கப்பட்டது. அதனை அனுப்பலாகாது என்று 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யப்பட்டது. அடைக்கலம் தேடி வந்தவற்றின் பெயரால் அமைந்த இல்லம், அரசுகளுக்குப் பரிசுப்பொருள் எடுத்துக் கொடுக்கும் களஞ்சியமாகக் கருதப்படும் நிலைக்கு வந்தது.

1995இல் வனசீவராசிகள் திணைக்களம் உடவளவையில் ஏற்படுத்திய நிலையம் வேறொரு கொள்கையை உடையது. அங்கு வரும் கன்றுக்குக் குறித்த நேரந்தோறும் பால் ஊட்டப்படுகின்றது. பார்வையாளர் தூரத்து மேடையில் நின்று பார்க்கலாம், தொடுதல் ஆகாது. கன்றுகள் ஒன்றோடொன்று கூடி வாழப் பழக்கப்படுகின்றன. ஏறக்குறைய ஐந்து வயதானதும் கூட்டமாகத் தேசியப் பூங்காக்களில் விடப்படுகின்றன. முதற் கூட்டம் 1998இல் விடப்பட்டது. அதன் பின் நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் காட்டுக்குத் திரும்பியுள்ளன. ஒரே நாட்டில், ஒரே அரசின் கீழ், ஒரே இனத்து விலங்குக்கு இரண்டு முடிவுகள். இதற்குக் காரணம் பணியாளரின் மனப்பான்மையன்று. இறுதியில் விலங்கு எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதை முதல்நாளே தீர்மானித்தமையே காரணம்.

இடைத்தங்கல் என்னும் சொல்

உடவளவை நிலையத்தைத் தமிழிலே ‘யானைகள் இடைத்தங்கல் முகாம்’ என்று எழுதுகின்றனர். இடைத்தங்கல் முகாம் என்றால் என்னவென்று தெல்லிப்பழை மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். சில வாரங்கள் என்று எண்ணிச் சென்றவர்கள் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் தங்கினர். முகாமிற் பிறந்த பிள்ளைகள் முகாமிலேயே வளர்ந்து, திருமணமும் செய்தனர். நிலம் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது. இன்னமும் முற்றாக விடுவிக்கப்படவில்லை.

மனிதரையும் விலங்கையும் ஒரு தட்டில் வைத்து நிறுப்பது எமது நோக்கமன்று. எமது மக்களின் துயரத்துக்கு உவமை தேட வேண்டிய தேவையும் இல்லை. காலவரையறை எழுதப்படாத தற்காலிகம் நிரந்தரமாகிவிடும் என்பதை எம்மைக் காட்டிலும் அறிந்தவர் இந்நாட்டில் இலர் என்பதையே கூறுகின்றோம். பாதுகாப்பு என்ற பெயரில் ஒருவரை அவருடைய இடத்திலிருந்து அகற்றுவோர், எந்நாள் திருப்பி அனுப்புவோம் என்பதையும் அதே பத்திரத்தில் எழுதுதல் வேண்டும். இஃது எமது அனுபவம் எமக்குத் தந்த சட்டவிதி. பிற உயிர்க்கும் இதனை வழங்குவதில் எமக்குத் தயக்கமில்லை.

மறுபக்கத்துப் பிழை

சட்டம் இறுகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் கருதற்க. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் அமேதி மாவட்டத்து இளைஞரொருவர், 2022இல் தமது வயலிற் கால் முறிந்து கிடந்த சாரசக் கொக்கு ஒன்றைக் கண்டார். மருந்திட்டுக் கட்டினார், பறவை குணமடைந்தது. அவர் அதனைக் கூட்டில் அடைக்கவில்லை. ஆயினும் அது அவரை விட்டுப் போகாமல் அவர் செல்லும் வழியெல்லாம் பின்தொடர்ந்தது. 2023 மார்ச்சு மாதத்தில் வனத்துறையினர் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிப் பறவையைக் கொண்டுசென்றனர்; அவருக்கு அறிவித்தலும் அனுப்பினர். முதலிற் சரணாலயத்தில் விடப்பட்ட பறவை பின்னர் கான்பூர் விலங்குக்காட்சிச்சாலையை அடைந்தது. திறந்த வயலில் நின்ற பறவை, காட்டுயிரைக் காக்கும் சட்டத்தின் பெயரால் அடைப்புக்குட் சென்றது.

இதில் இளைஞரின் இரக்கத்தை நாம் பழிக்கவில்லை; அலுவலர் சட்டமின்றிச் செய்தனர் என்றும் கூறவில்லை. கால் முறிந்த அந்த முதல்நாளிலே அவர் எவரிடம் கூற வேண்டும், எவர் வந்து பார்க்க வேண்டும் என்னும் ஒழுங்கு அவ்வூரில் உயிரோடு இருந்திருப்பின், மனிதரைப் பற்றிக்கொள்ளுமுன் அப்பறவை தன் இனத்தோடு சேர்ந்திருத்தல் கூடும். இளங்குஞ்சையும் குட்டியையும் மனிதர் வளர்க்கும்போது நேரும் பெருந்தீங்கு இதுவே. அவை மனிதரைத் தம் இனமாகக் கருதிவிடுகின்றன. பின்னர் காட்டில் விட்டால் இரை தேடவும் பகையை அஞ்சவும் அறியாமல் மடிகின்றன.

பிறநாடுகள் இச்சிக்கலுக்கு விடை கண்டிருக்கின்றன. பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் 4ஆம் பிரிவில் ஒரு நயமான விலக்கை வைத்தது. ஊனமுற்ற காட்டுப் பறவையைப் பேணி, குணமானதும் விடுவிக்கும் நோக்கத்துக்காக மட்டும் எடுத்தவன் குற்றவாளி ஆகான்; ஆனால் அவ்வூனம் அவனுடைய சட்டவிரோதச் செயலால் நேர்ந்திருத்தலாகாது. நோக்கமும் முடிவும் இரண்டு வரிகளில் அடங்கிவிட்டன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் வலசைப் பறவைகள் தொடர்பாக 2003ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள விதிகள் இன்னும் விரிவானவை. காயம்பட்ட பறவையை எவரும் எடுக்கலாம். ஆனால் உடனே அனுமதிபெற்ற பராமரிப்பாளரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அனுமதி பெற விரும்புவோர் 18 வயது நிரம்பியவராய், குறைந்தது நூறு மணிநேரம் நேரடிப் பயிற்சி பெற்றவராய் இருத்தல் வேண்டும். மேலதிக அனுமதியின்றி 180 நாளுக்கு மேல் ஒரு பறவையையும் வைத்திருத்தல் ஆகாது. நல்லெண்ணம் உள்ளவன் தண்டிக்கப்படாமலும், நல்லெண்ணத்தைப் போர்வையாக்குபவன் தப்பாமலும் சட்டம் எழுதுதல் இயலும் என்பதற்கு இவை சான்று.

கமக்காரனின் கேள்வி

இனி, இங்கு அமர்ந்திருக்கும் கமக்காரர் மனத்திலுள்ள கேள்விக்கு வருகின்றோம். “குரங்கு எமது தேங்காயைப் பறிக்கின்றது, மயில் விதையைக் கிளறுகின்றது, பன்றி மரவள்ளியைக் கிண்டுகின்றது. காயம்பட்ட குரங்கை அரசு குணப்படுத்தி எமது தோட்டத்தருகே விடுமாயின், எமக்கு யார் பொறுப்பு?”

இக்கேள்வியை இகழ்பவர் தோட்டம் செய்து அறியாதவர். அரசே இத்துறையிற் கண்கட்டி வித்தை காட்டியதை நாம் கண்டிருக்கின்றோம். 2023இல் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று பேசப்பட்டது. எதிர்ப்பு எழவே பேச்சு அடங்கிற்று. 2025 மார்ச்சு 15ஆம் நாள் காலை எட்டு மணி தொடக்கம் ஐந்து நிமிடம், கமக்காரர் ஒவ்வொருவரும் தம் காணியிலுள்ள குரங்கு, மயில், மரஅணில் ஆகியவற்றை எண்ணித் தருமாறு கேட்கப்பட்டனர். ஐந்து நிமிட எண்ணிக்கையால் ஐந்து மாத உழைப்பு திரும்பி வராது.

யானையின் பொருட்டு வன்னிக் கமக்காரன் உயிரையே இழக்கின்றான். 2011இல் எடுத்த கணக்கின்படி இந்நாட்டு யானைகள் 5,879. 2023ஆம் ஆண்டில் மட்டும் நானூற்றுக்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் யானையால் உயிரிழந்தனர். வெடியும் துப்பாக்கியும் மின்கம்பியும் தாயைக் கொல்ல, கன்று அநாதையாகின்றது. ஆகவே கமக்காரனின் குறையைத் தீர்க்காமல் அநாதைக் கன்றுகளுக்கு மட்டும் இல்லம் கட்டுவது, கூரை ஒழுகுவதை விட்டுக் கீழே சட்டி வைப்பது போன்றது.

விடுவித்தல் என்பது வேண்டாததைப் பிறர் வளவில் எறிதலும் அன்று. ஆராய்ச்சியாளர் பிரித்திவிராச் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும், தொல்லைதரும் யானைகளைப் பிடித்துத் தேசியப் பூங்காக்களில் விட்டபின் நேர்ந்தவற்றைக் கழுத்துப்பட்டிக் கருவி கொண்டு தொடர்ந்து கண்காணித்து, 2012இல் முடிவை வெளியிட்டனர். அவ்யானைகளுட் பல பூங்காவுக்குள் தங்கவில்லை. சில தம் பழைய இடத்தை நாடி நடந்தன; வேறு சில புதிய ஊர்களிற் புதிய தொல்லையை உண்டாக்கின. எங்கே விடுவது என்னும் தீர்மானத்தை அவ்விடத்து மக்களைக் கேளாமற் செய்தலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எமது முன்னோர் மரபில் இதற்கு ஒளியுண்டு. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நாம் பாராட்டுகின்றோம். அவன் போர்வையைக் கொடுத்தான். மயிலை அரண்மனைக்கு எடுத்துச் செல்லவில்லை. புறாவுக்கு அடைக்கலம் கொடுத்த சிபியை நாம் போற்றுகின்றோம். பருந்தின் பசியும் நியாயமானது என்று அவன் ஏற்றுக்கொண்டான். ஈடாகத் தன் தசையைக் கொடுத்தான். அயல்வீட்டுக் கமக்காரனின் தசையை அரிந்து கொடுக்கவில்லை. அரசு இரக்கம் காட்ட விரும்புமாயின், அதன் விலையை அரசின் திறைசேரியே செலுத்துதல் வேண்டும்.

கிளிநொச்சியிற் கண்டது

ஒழுங்கில்லாத இடத்தில் மக்களும் விலங்கும் ஒருங்கே சீரழிவதை 2018 யூன் 21ஆம் நாள் கிளிநொச்சி அம்பாள்குளத்திற் கண்டோம். ஊருக்குள் வந்த சிறுத்தையொன்று பலரைக் காயப்படுத்தியது. அலுவலர் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை என்று மக்கள் குறைகூறினர். முடிவில் சிறுத்தை அடித்துக் கொல்லப்பட்டது. அக்காட்சி படமாக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. தெற்கிலே பலர் அப்படத்தைக் கண்டு வடக்கு மக்களைக் கொடியவர் என்று ஏசினர். விசாரணை நடந்தது, சிலர் கைதாயினர்.

கொன்றது சரியென்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் மயக்க ஊசியும் கூடும் பயின்ற மிருக வைத்தியரும் அரைமணி நேரத்தில் வந்து சேரும் ஊரில் மக்கள் தடியெடுத்திருப்பார்களா என்று கேட்கின்றோம். இந்நாட்டில் காட்டு விலங்கைப் பேணும் நிலையம் என்றால் எவர் வாயிலும் வரும் பெயர்கள் யாவை? உடவளவை, பின்னவலை, அத்திடிய, ஹியாரே. இவற்றுள் ஒன்றேனும் வடமாகாணத்தில் உண்டா? காயம்பட்ட உயிரோடு பத்து மணிநேரம் பயணம் செய்ய எவரால் இயலும்?

எமது கோரிக்கைகள்

ஆகவே பின்வருவனவற்றை நாம் கோருகின்றோம்.

முதலாவது, காயமுற்ற அல்லது தாயிழந்த காட்டு விலங்கைக் காக்கும் நோக்குடன் எடுத்து, ஒரு நாளுக்குள் கிராம அலுவலருக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ வனசீவராசிகள் அலுவலகத்துக்கோ அறிவித்தவன் குற்றவாளி ஆகான் என்று சட்டத்தில் எழுதுதல் வேண்டும். அறிவிக்காமல் வைத்திருந்தவனுக்கு இப்பாதுகாப்பு இல்லை.

இரண்டாவது, பேணுவோருக்குப் பயிற்சியும் அனுமதிப் பத்திரமும் வேண்டும். அனுமதி பெற்றவர் அவ்விலங்கை விற்றல், இனம்பெருக்குதல், காட்சிக்கு வைத்தல், ஊர்வலத்துக்கு விடுதல் ஆகிய எதனையும் செய்தலாகாது.

மூன்றாவது, வந்து சேரும் ஒவ்வோர் உயிரும் பதிவேட்டில் ஏறுதல் வேண்டும். கண்டெடுத்த இடம், நாள், காயத்தின் காரணம், இறுதி முடிவு ஆகியன அதில் இருத்தல் வேண்டும். அப்பதிவேட்டின் பிரதி பிரதேச செயலகத்தில் எவரும் பார்க்கத்தக்கதாக வைக்கப்படல் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பதிவேட்டைத் திருத்துதல் எளிது.

நான்காவது, காலவரையறை. ஒவ்வோர் இனத்துக்கும் எவ்வளவு காலம் என்பதை மிருக வைத்தியர் குழு வகுத்தல் வேண்டும். நீடிக்க வேண்டுமாயின் காரணத்தை எழுத்தில் தருதல் வேண்டும். ஒருபோதும் காட்டுக்குத் திரும்ப இயலாத ஊனமுடையதென ஒன்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் தனியொருவரிடம் இருத்தலாகாது.

ஐந்தாவது, விடுவிக்கும் இடத்தைத் தீர்மானிக்கும்போது அப்பகுதிக் கமக்காரர் அமைப்புகளின் கருத்தைக் கேட்டல் வேண்டும். பயிரழிவுக்கான ஈடு, கமநல சேவை நிலையத்தினூடாக, குறித்த நாளுக்குள் வழங்கப்படல் வேண்டும்.

ஆறாவது, வடமாகாணத்தில் ஒரு நிலையம் அமைதல் வேண்டும். அதில் தமிழ் பேசும் மிருக வைத்தியரும் ஊர்தியும் இருத்தல் வேண்டும். அறிவித்தற் படிவமும் தொலைபேசியில் வரும் விடையும் தமிழில் இருத்தல் வேண்டும். தமிழ் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டு முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. குற்றம் சாட்டும் பத்திரம் மட்டும் விரைவில் வந்து, உதவி கேட்கும் படிவம் விளங்காத மொழியில் வருமாயின், அச்சட்டத்தை மக்கள் தமதென்று கருதுவது எப்படி?

அதிகாரம் எங்கே உள்ளது?

இவற்றையெல்லாம் கொழும்பே செய்தல் வேண்டுமா என்று கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தை எடுத்துப் பாருங்கள். மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான நிரலிலே காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பாதுகாத்தல் என்னும் பொருள் இடம்பெற்றுள்ளது. கால்நடை வளர்ப்பும் கமத்தொழிலும் மாகாணத்தின் கையில் பெரும்பங்கு உள்ள பொருள்கள். எனவே நியதிச் சட்டம் செய்யும் வழி முற்றாக அடைபட்டதன்று. ஆனால் அதனைச் செய்ய வேண்டிய சபை எங்கே? 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடத்தப்படாமையால், கதவு இருந்தும் திறப்பு இல்லாத வீடுபோல் அவ்வதிகாரம் கிடக்கின்றது. மாகாண சபைத் தேர்தல் கட்சிக்காரரின் பதவிக்காக மட்டும் வேண்டப்படுவது என்று எண்ணுவோர், காயம்பட்ட ஓர் ஆந்தையின் விடயத்தில்கூட அச்சபையின்மை எவ்வளவு தடையாகின்றது என்பதைக் கவனித்தல் நன்று.

சட்டம் வரும்வரை கைகட்டி இருத்தல் வேண்டுமோ? வேண்டியதில்லை. கூட்டிலிருந்து வீழ்ந்த குஞ்சு காயமற்றதாயின் அதனைக் கூட்டிலேயே மீண்டும் வைத்தல் நன்று. தாய் அருகில் இருக்கும். தனித்து நிற்கும் குட்டி யாவும் அநாதையல்ல. தூரத்தில் நின்று பார்த்து, தாய் வருகின்றதா என்று காத்திருத்தல் வேண்டும். கடித்த கீரியையும் குரங்கையும் வீட்டில் வைத்திருத்தல் விசர்நோய்க்கு வாயில் திறப்பதாகும். வலை கட்டுவோர் நிலத்தோடு படும் பகுதியை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். பறந்து அறுந்த பட்டநூலைச் சுருட்டி எடுக்கப் பிள்ளைகளைப் பழக்குதல் வேண்டும். எலியைத் தின்று எமது வயலைக் காக்கும் கூகையை அபசகுனம் என்று கல்லெறிவதை நிறுத்துதல் வேண்டும். பிரதேச சபை உறுப்பினர்கள் தம் வட்டாரத்தில் அழைக்கத்தக்க மிருக வைத்தியர் எவர் என்னும் விபரத்தைச் சபைக் கட்டிட வாயிலில் எழுதிவைத்தல், ஒரு சதம் செலவின்றி நாளையே செய்யத்தக்க பணி.

பெரியோர்களே, இக்கோரிக்கைகளை ஒரு தீர்மானமாக வரைந்து இங்கு சமர்ப்பித்திருக்கின்றோம். இதனைப் படித்துப் பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்தி நிறைவேற்றுமாறு வேண்டுகின்றோம். சட்டத்தரணிகள் இதனைச் சட்ட நடையில் ஆக்கித் தரட்டும். மிருக வைத்தியர்கள் கால எல்லைகளை வகுத்துத் தரட்டும். கமக்காரர் ஐந்தாவது கோரிக்கையைத் தம் கைப்பட எழுதித் தரட்டும். அதனை அவர்களே நன்கு அறிவர். பின்னர் நாம் எல்லோரும் கையொப்பமிட்டு வனசீவராசிகள் அமைச்சுக்கும் எமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புவோம். விடை வராவிடின் மீண்டும் அனுப்புவோம். விடை வரும்வரை அனுப்புவோம்.